எந்தப் பட்டியலில் எழுதுவது? – வன்னியில் கோயிலும் தலைமையும்

நவம்பர் பிறந்தால் வட இலங்கையின் வன்னிக் கத்தோலிக்கக் கோயில்களில் பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வைப்பார்கள். இரண்டாம் திகதி மரித்தோர் நாள். அந்த மாதம் முழுக்க உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கானது. வீட்டில் செத்தவர்களின் பெயரை ஒரு துண்டில் எழுதி, பூசைக் காசோடு உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட்டால், சுவாமி, அதாவது பங்குக் குருவானவர், அந்த மாதப் பூசைகளில் அவர்களுக்காக ஒப்புக்கொடுப்பார். பேரன் பாட்டனுக்குச் செய்வது, மகள் தாய்க்குச் செய்வது. இதில் யோசிக்க ஒன்றும் இருந்ததில்லை.

2009இல் போர் முடிந்தபிறகுதான் அந்தத் துண்டு பாரமாகிப் போனது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு அம்மா கணவனின் பெயரை எழுதினார், மூத்த மகளின் பெயரை எழுதினார், பிறகு பேனையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இளையவன் கடைசி நாட்களில் காணாமல்போனவன். அவன் பெயரையும் அந்தப் பெட்டிக்குள் போட்டால், செத்துவிட்டான் என்று பெற்றவளே கையெழுத்து வைத்துக் கொடுத்தது போலாகும். போடாமல் விட்டால், ஒருவேளை அவன் செத்திருந்தால், அவனுக்கென்று ஒரு செபம் சொல்லவும் ஆளில்லை. இரண்டு பெயரோடு உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமை வந்து அவன் பெயருக்கு இன்னொரு பூசை கேட்டார். இந்த முறை ‘சுகநலத்துக்காக’ என்று எழுதியிருந்தார். அந்தக் கிழமைதான் அவனுடைய பிறந்தநாள் வந்திருந்தது.

அந்தத் துண்டைக் கையில் வாங்குகிற குருவானவர் என்ன செய்வது? உயிருள்ளவர்களுக்கான கருத்தாக வாசிப்பதா, மரித்தவர்களுக்கானதாக வாசிப்பதா? ஒரு திருச்சபையை நெருக்கடியிலும் பண்பாட்டு மாற்றத்திலும் வழிநடத்துவது பற்றிக் கருத்தரங்குகளில் பெரிய சொற்களில் பேசுகிறார்கள். வன்னியில் அந்தக் கேள்வி இப்படி ஒரு துண்டுக் கடதாசியாகத்தான் சுவாமியின் கைக்கு வருகிறது.

வன்னி என்று ஒரே மூச்சில் சொன்னாலும் திருச்சபையின் கணக்கில் அது ஒரே நிலம் இல்லை. மன்னாரும் வவுனியாவும் மன்னார் மறைமாவட்டம். அது 1981இல் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இன்றும் யாழ்ப்பாண ஆயருக்குக் கீழேதான். மன்னார் மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். ஏ-9 வீதிக்குக் கிழக்கே போகப் போகச் சனம் பெரும்பாலும் சைவம். கத்தோலிக்கர் கரையோர மீன்பிடிக் கிராமங்களிலும் சில குடியேற்றத் திட்டங்களிலும் இருக்கிறார்கள். இவற்றுக்கிடையே மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் சிறு சிறு சபைகளாக இருக்கிறார்கள். கிளிநொச்சியின் கருணா நிலையம் அங்கிலிக்கரின் பணி என்பது அந்த ஊரில் வளர்ந்த பலருக்கே தெரியாது. பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் பிறகு வருகிறேன்.

இந்த மண்ணின் கிறிஸ்தவம் குருவானவர் இல்லாமலே உயிர் தப்பிய ஒன்று. நான் சொல்லப்போவதற்கெல்லாம் வேர் இதில்தான் இருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். குருவுக்கு இடம்கொடுப்பதே குற்றமானது. கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து இறங்கியது 1687இல். இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம். ஒரு தலைமுறையே பூசை காணாமல் பிறந்து வளர்ந்தது. ஞானஸ்நானம் கொடுத்தது, செபம் சொல்லிக்கொடுத்தது, செத்தவனை அடக்கம் செய்தது, கலியாணத்தைச் சாட்சி வைத்து முடித்தது எல்லாம் ஊர் மூப்பரும் அண்ணாவிமாரும்தான். மாந்தையிலிருந்த மாதாவின் சொரூபத்தை 1670 அளவில் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள், இன்றைய மடுவுக்கு, போனதும் சனமே. இருபது குடும்பங்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதைத் தூக்கியவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. 1924இல் அதே சொரூபத்துக்கு முடிசூட்டினார்கள். 2015 ஜனவரி 14 காலையில் கொழும்பில் யோசப் வாசைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ் அன்று பின்னேரமே மடுவுக்கு வந்து அந்தச் சொரூபத்தின் முன்னால் நின்றார்.

மூப்பர் என்ற பதவி பிறகும் அழியவில்லை. கரையோரக் கிராமங்களில் திருவிழாவுக்கு வரி பிரிப்பது, கொடிமரம் நடுவது, கூத்துக்கு நாள் குறிப்பது, சண்டை வந்தால் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாம் அவர் பாடு. தவக்காலத்தில் ஊரே கூடி வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும். யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் எழுதியதாகச் சொல்லப்படுகிற அந்தப் பிரசங்கத்தை அழுதழுது வாசிக்கிற குரல் ஒரு கடற்றொழிலாளியுடையதாக இருக்கும். மகனைச் சிலுவையில் கண்ட தாயின் புலம்பல் அது. பிணத்தைக் கண்டு அழுதவளின் புலம்பல். பிணமே கிடைக்காதவளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை என்று ஒரு பாட்டி சொன்னதை நான் மறக்கவில்லை.

போர் தொடங்கியபோது மூப்பருக்கு முன்னால் சுவாமி வந்து நின்றார். வேறு வழி இருக்கவில்லை. இராணுவ முகாமுக்குப் போய் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேச ஒருவர் வேண்டும். விடுதலைப் புலிகளின் அரசியல்துறையோடு பேசவும் ஒருவர் வேண்டும். மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் கடிதம் எழுதவும் ஆள் வேண்டும். அங்கி அணிந்தவரைச் சோதனைச் சாவடியில் கொஞ்சம் மரியாதையாக நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு விலை இருந்தது. 1984 டிசம்பரில் மெதடிஸ்தப் போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் மன்னாரில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, 1985 ஜனவரி 6, வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்ரியன். 2007 செப்டெம்பர் 26 கிளைமோர் கண்ணிவெடியில் அருட்தந்தை பாக்கியரஞ்சித். அகதிகளுக்கு நிவாரணம் கொண்டுபோகிற வழியில். 2008 ஏப்ரல் 20 இன்னொரு கிளைமோரில் அருட்தந்தை கருணாரட்ணம்.

அதே ஏப்ரல் மாதம் 3ஆம் திகதி மடு மாதாவும் இடம்பெயர்ந்தார். செல், அதாவது எறிகணை, கோயில் வளவுக்குள் விழத் தொடங்கியதும் பரிபாலகர் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார். புலிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று தெற்கில் சிலர் ஏசினார்கள். வன்னிச் சனத்துக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. தாங்கள் தறப்பாளையும் அரிசி மூட்டையையும் உழவு இயந்திரத்தில் ஏற்றுகிற நேரம் மாதாவும் கிளம்பினார், அவ்வளவுதான். மடு பாதுகாப்பான இடம் என்ற எண்ணம் அதற்கு முன்பே, 1999 நவம்பர் 20 இரவு உடைந்துபோயிருந்தது. அன்று வளவுக்குள் தஞ்சமிருந்தவர்கள் மேல் செல் விழுந்து 40 பேரளவில் செத்தார்கள்.

கடைசி மாதங்களில் தலைமை என்பது ஒரே ஒரு காரியமாகச் சுருங்கிப்போனது: கூடவே இருப்பது. ஐ.நா. அலுவலகங்கள் 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டுப் போயின. ஒரு தொகைக் குருக்களும் கன்னியாஸ்திரிகளும் போகவில்லை. வலைஞர்மடம் கோயில் வளவில் பங்கருக்குள் இருந்தபடி பூசை வைத்தார்கள். 2009 ஏப்ரல் 23 அங்கே விழுந்த செல்லில் கத்தோலிக்க உதவி அமைப்பான கரித்தாஸ் நிறுவனத்தின் வன்னி இயக்குநராக இருந்த அருட்தந்தை வசந்தசீலன் ஒரு காலை இழந்தார். மே 18 அன்று முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வரும்போது அருட்தந்தை சரத்ஜீவன் இதயம் நின்று செத்தார். அதே நாள் வட்டுவாகல் பாலத்தருகே, யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறினார். ஏறுமுன் அவர்களின் பெயர்களை அவரே ஒரு பட்டியலாக எழுதினார் என்று அங்கே நின்ற மனைவிமார் சொல்கிறார்கள். பட்டியலும் இல்லை, அவரும் இல்லை.

இன்னொரு கணக்கு மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகையுடையது. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது வெறும் ஒரு கழித்தல். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் என்று கச்சேரிகள் சொன்ன தொகை 4,29,059. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679. இந்தப் பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கொன்றார்கள் என்றும் சொல்லவில்லை. முதல் தொகை அரச கச்சேரிகளின் கடதாசியில் இருந்தது, இரண்டாவது ஐ.நா.வின் கடதாசியில் இருந்தது. கழித்தது மட்டும்தான் அவர் வேலை. கோபத்தில் எழுப்பிய குரலாக இருந்திருந்தால் ஒரு நாள் செய்தியோடு போயிருக்கும். ஒரு பங்கின் ஞானஸ்நான ஏட்டையும் மரண ஏட்டையும் வைத்து ஆள் தொகை பார்க்கப் பழகிய குருவானவரின் கேள்வியாக அது இருந்ததால், ஒவ்வொரு அரசும் அதைத் தாண்டிப் போக முடியாமல் தடுமாறியது. அவர் 2021 ஏப்ரல் முதலாம் திகதி காலமானார். கேள்வி அப்படியே கிடக்கிறது.

இவ்வளவையும் சொல்கிறவன் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே வலைஞர்மடம் கோயிலுக்குள் ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கான இளம் பிள்ளைகளை 2009 ஏப்ரலில் புலிகள் பலவந்தமாகப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. தாய்மார் கோயிலை நம்பித்தான் அந்தப் பிள்ளைகளை அங்கே விட்டார்கள். அந்த நாளைப் பற்றி நம்மிடையே பகிரங்கமாக அதிகம் பேசப்படுவதில்லை. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் சனத்தைப் புலிகள் வடக்கிலிருந்து துரத்தியபோது ஏறின லொறிகள் நம் கோயில் வாசல்களைக் கடந்துதான் போயின. இராணுவத்தைப் பற்றிப் பேச ஒரு துணிவு வேண்டியிருந்தது, நம்மவர்களைப் பற்றிப் பேச வேறொரு துணிவு. இரண்டாவது எல்லோருக்கும் வாய்க்கவில்லை. துப்பாக்கிக்கு நடுவில் நின்றவர்களை இன்று கதிரையில் இருந்துகொண்டு நான் தீர்ப்பிட வரவில்லை. ஆனால் சுவாமி பேசுவார் என்று சனம் வாயை மூடிக்கொள்ளப் பழகினால், சுவாமி பேசாத இடத்தில் ஊரே ஊமையாகிவிடும் என்பது அங்கே தெரிந்தது.

போர் முடிந்து முகாமும் முடிந்து வந்தபிறகு இந்தப் பழக்கம்தான் கோயிலுக்குச் சுமையானது. செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமின் கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரில் வெளியேறின. திரும்பி வந்த ஊர் பழைய ஊர் இல்லை. பல வீட்டில் ஆம்பிளை இல்லை. வந்த ஆம்பிளைகளில் சிலர் புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்து யாரோடும் பேசாமல் திரிந்தார்கள், சிலர் கசிப்புச் சாராயத்தில் விழுந்தார்கள். வீட்டுத்திட்டக் காசு அரைச்சுவரோடு முடிந்தது. வாசலுக்கே வந்து கடன் கொடுத்த நுண்கடன்காரர், கிழமைக்கு ஒருமுறை பெண்களை மரத்தடியில் கூட்டிவைத்துத் தவணை வாங்கினார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். தாலியை அடகு வைத்தவர்களும் இருந்தார்கள். அந்தத் தாலியில் சிலுவை பொறித்திருக்கும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசு பொறுப்பெடுக்கிற அளவுக்கு அது போனது.

இந்த மாற்றத்துக்கு முன்னால் போர்க்கால சுவாமியின் திறமைகள் அவ்வளவாக உதவவில்லை. பிரிகேடியரோடு பேசத் தெரிந்தவருக்கு, கடன் மரத்தடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஏனென்றால் அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. சுவாமியிடம் பெரிய விசயத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று சனம் நினைத்தது. அதோடு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது: கட்டடம். செல் பட்ட கோயில்களைத் திருத்த வேண்டும்தான். ஆனால் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற ஊர்ச்சங்கங்கள் காசு அனுப்ப, மாபிள் பதித்த பீடமும் இரட்டைக் கோபுரமும் எழும்பின. அந்தக் கோபுரத்தின் நிழலில் தகரக் கொட்டில் வீடுகள் நின்றன. திருவிழா வீடியோவில் கோபுரம்தான் வரும், கொட்டில் வராது. வருடத்தில் ஒருமுறை வருகிறவர்களுக்கு அது ஊரின் மீட்சி. அங்கேயே இருக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காணிக்கை கேட்கிற இன்னொரு இடம். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்றால், சொல்லத்தான் வேண்டும்.

இந்த இடைவெளிக்குள்தான் பெந்தெகொஸ்தே சபைகள் வந்தன. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், தர்மபுரம் போன்ற ஊர்களில் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர். கூலிக்கு மட்டும் கூப்பிட்டு, கோயில் நிர்வாகத்துக்குக் கூப்பிடாமல் வைத்திருந்தார்கள் அவர்களை. சைவக் கோயிலானாலும் நம் கோயிலானாலும் கதை பெரிதாக வேறில்லை. மோட்டார் சைக்கிளில் வருகிற பாஸ்டர் அவர்களின் திண்ணையில் உட்கார்ந்தார். இரவு பத்து மணிக்குக் கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று போன் எடுத்தாலும் வருவார். நம் பங்குத்தந்தைக்கு ஆறு, ஏழு துணைக் கோயில்கள். ஒரு கோயிலுக்கு மாதத்தில் ஒரு பூசை வைத்தாலே பெரிய விசயம்.

‘காசு கொடுத்து மாற்றுகிறார்கள்’ என்பது நமக்கு வசதியான விளக்கம். அரிசியும் பால்மாவும் கொடுத்த இடங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. பால்மாவுக்காக ஒருத்தி பத்து வருடம் ஒரு சபைக்குப் போக மாட்டாள். நான் விசாரித்த பெண்கள் சொன்ன காரணம் வேறு. அங்கே போனால் சாட்சி சொல்லலாம். ஓலைக் கொட்டிலுக்குள், மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் வாழ்க்கையில் இப்படி நடந்தது, இப்படி அழுதேன், இப்படி எழும்பினேன் என்று தன் வாயாலேயே சொல்லலாம். இருபது பேர் கேட்பார்கள், கூட அழுவார்கள். பூசையில் அவளுக்கு ‘ஆமென்’ சொல்கிற இடம் மட்டும்தான் இருந்தது.

இந்தச் சபைகளுக்குக் கிடைத்த பதில் என்ன? புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகக்காரர் வந்தார்கள். 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கியது. மதமாற்றம் என்பது மேடைப் பேச்சானது. ஓலைக் கொட்டில் சபைகளைக் குறிவைத்த அந்தப் பேச்சு, நானூறு வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கிற கத்தோலிக்கரையும் வந்தேறிகளாக்கியது. நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. 2019 மார்ச் 3, சிவராத்திரிக்கு முதல் நாள், மாந்தைச் சந்தியில் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் நட்ட வளைவைக் கத்தோலிக்கர் கூட்டம் ஒன்று பிடுங்கி எறிந்தது. லூர்து மாதா கோயில் பக்கத்தில் இருக்கிறது, எங்கள் இடம் என்பது அவர்கள் வாதம். அந்தக் காட்சி கைத்தொலைபேசிகளில் உலகம் சுற்றியது. நந்திக்கொடி காலில் மிதிபட்டதைப் பார்த்த சைவ நண்பர் ஒருவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அது வெறும் ஒரு சந்தியின் காணித் தகராறு இல்லை. முப்பது வருடம் ‘எங்கள் நிலத்துக்கு ஆபத்து, ஒன்றாக நில்லுங்கள்’ என்று பழகிய கால்கள், ஆபத்து இல்லாத இடத்திலும் அதே மாதிரி ஓடிப் போய் நின்றன. போரில் உயிர்காத்த அனிச்சைச் செயல் அயலவனின் திருவிழா வளைவை ஆமி முகாமாகப் பார்க்க வைத்தது. அந்த மாந்தையிலிருந்துதான் ஒருகாலம் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காட்டு வழியில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் எந்தச் சமயம் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அங்கே வேறு யார் இருந்திருப்பார்கள்?

இதற்கு மாறாக நடந்ததும் இருக்கிறது. பூநகரிக்கு அப்பால் இரணைதீவுச் சனம், கத்தோலிக்க மீனவர்கள், 1992இல் இடம்பெயர்ந்து இரணைமாதா நகரில் இருந்தார்கள். கடற்படை தீவில் இருந்தது. 2017 மே முதலாம் திகதி தொடர் போராட்டம் தொடங்கியது. ஒரு வருடம் ஆகப் போகிற நேரத்தில், 2018 ஏப்ரல் 23, படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு அவர்களே போய் இறங்கினார்கள். போய் முதலில் தீவுக் கோயிலில் செபம் சொன்னார்கள். பிறகு கடற்படையோடு பேசினார்கள். பேசியவர்களில் பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். சுவாமிமாரும் படகில் இருந்தார்கள், நடு இருக்கையில். 2021இல் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அதே தீவில் புதைக்கப் போவதாக அரசு அறிவித்தபோதும் எதிர்த்துத் தெருவுக்கு இறங்கினார்கள். தீவை விட முடியாது என்றதோடு, அந்தச் சனம் தங்கள் ஊரிலேயே அடக்கம் செய்ய விடுங்கள் என்ற குரலும் அங்கே எழுந்தது. மாந்தைச் சந்தியையும் இரணைமாதா நகரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுமே ‘எங்கள் நிலம்’ என்றுதான் சொல்கின்றன. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அந்த வாக்கியத்தில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதில் வேறுபடுகின்றன.

காணாமல்போனோரின் உறவுகளும் சுவாமிக்காகக் காத்திருக்கவில்லை. 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். சில நாளில் வவுனியா, மார்ச்சில் முல்லைத்தீவு. கந்தசுவாமி கோயில் வாசலில் செபமாலை உருட்டிய கத்தோலிக்கத் தாயை நான் கண்டேன். பக்கத்தில் இருந்தவர் கந்தசஷ்டி கவசம் படித்துக்கொண்டிருந்தார். ஒருவரையும் அது உறுத்தவில்லை. அரசு காணாமல்போனோர் அலுவலகம் திறந்தது, ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்று சான்றிதழ் தரலாம் என்றது. மரணச் சான்றிதழும் இல்லாமல் உயிரோடு இருக்கிறார் என்பதும் இல்லாமல் நடுவில் ஒரு கடதாசி. கொட்டகைத் தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். சுவாமிமார் வந்து கூடவே உட்கார்ந்தார்கள், ஆனால் எழும்பி அறிக்கை வாசித்தது தாய்மார்தான். இந்த நாட்டில் கத்தோலிக்கத் தாய் ஒருத்தி பத்திரிகையாளர் முன்னால் நின்று பேசுவது புதிதில்லை. சுவாமி பக்கத்தில் நிற்க அவள் பேசுவது புதிது.

அதே 2017 மே மாதம் முள்ளிவாய்க்கால் கிழக்கு சின்னப்பர் ஆலயத்தருகே, செத்தவர்களின் பெயர் பொறித்த கற்களை வைக்க அருட்தந்தை எழில் இராஜேந்திரம் ஏற்பாடு செய்தார். பொலிசார் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். பெயர்களில் புலிகளும் இருக்கலாம் என்பது அவர்கள் காரணம். செபம் சொல்லலாம், பெயர் கல்லில் இருக்கக்கூடாது. பெயர் எழுதுவது இந்த மண்ணில் எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பொலிசார் நம்மைவிட நன்றாக விளங்கியிருந்தார்கள் போலும்.

உலகத் திருச்சபையிலும் சில கதவுகள் இப்போது திறக்கின்றன. 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளுக்குப் பெண்களை முறைப்படி நியமிக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றினார். அந்த மே மாதம் மறைக்கல்வி ஆசிரியர் என்பது பொதுநிலையினருக்கான ஒரு திருப்பணியாக நிறுவப்பட்டது. 2021 முதல் 2024 வரை நடந்த ஆயர் மாமன்றம், ஒன்றிணைந்து நடக்கிற திருச்சபை என்பதையே பொருளாக எடுத்தது. வன்னியில் இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. முப்பது வருடம் மூப்பர் நடத்திய சபை இது. பல வருடம் தாய்மார் தெருவில் நடத்திய சபையும் இதுதான். உரோமையிலிருந்து வந்தது அனுமதிக் கடிதம். வேலை முன்பே தொடங்கிவிட்டது.

ஆனால் பங்குச் சபைக் கூட்டங்களில் இன்னும் பழைய வாடை போகவில்லை. திருவிழாக் கணக்கு ஆம்பிளைகளின் கையில், பூச்சாடி பெண்களின் கையில். மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தில் ஒருவரை மூப்பராக்கலாமா என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று சொன்ன பங்கும் எனக்குத் தெரியும். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். ‘ஊர் வழமை’ என்பார்கள். பங்கருக்குள் எல்லோரும் ஒரே தண்ணீர்ப் போத்தலில் குடித்தது பதினைந்து வருடத்தில் மறந்துபோகுமா என்றால், போகும். போயிருக்கிறது. இளம் பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் பாஸ்போட் அலுவலகத்து வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சுவாமி என்ன செய்யலாம் என்பதற்கு நான் கண்ட சின்னக் காரியம் ஒன்று. தொடக்கத்தில் சொன்ன அந்தக் கோயிலுக்குப் புதிதாக ஒரு இளம் குருவானவர் மாறி வந்தார். முதல் வருட நவம்பரில் பெட்டியை வைத்தார், வழமைபோல. பெயர்த் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது சில வீடுகளிலிருந்து உறையே வராததைக் கவனித்தார். பிரசங்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கிழமை நாளில் சைக்கிளில் அந்த வீடுகளுக்குப் போனார், தேத்தண்ணி குடித்தார், கேட்டார். சொன்னவர்கள் சொன்னார்கள், சொல்லாதவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு, இதற்கு என்ன செய்யலாம் என்று அவர்களிடமே விட்டார். அவர்களுக்குள் ஒரே கருத்து வரவில்லை. ஒருத்தி, பெயரை வாசிக்கவே கூடாது என்றாள். இன்னொருத்தி, வாசிக்காவிட்டால் கோயிலும் அவனை மறந்துவிட்டது என்றுதான் அர்த்தம் என்றாள். இரண்டு கூட்டம் சண்டையில் முடிந்தது. மூன்றாவது கூட்டத்துக்கு அவர் போகவில்லை.

அடுத்த நவம்பரில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருந்தது. நூற்றிருபது தாள், கோடு போட்டது, சந்தைக் கடையில் வாங்கியது. ‘மரித்தோர்’ என்றும் எழுதவில்லை, ‘உயிருள்ளோர்’ என்றும் எழுதவில்லை. மட்டையில் வருடம் மட்டும். யாரும் யாருடைய பெயரையும் அதில் எழுதலாம். நன்மை (நற்கருணை) கொடுத்து முடிந்தபிறகு, சுவாமி பீடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண்களில் ஒருத்தி அதை வாசிப்பாள். பெயருக்கு முன்னால் ஒன்றும் சொல்வதில்லை, பின்னால் ஒன்றும் சொல்வதில்லை.

முதல் கிழமையில் நான்கு பெயர் இருந்தது. மாத முடிவில் நான் எட்டிப் பார்த்தபோது பதினொரு பக்கம் நிறைந்திருந்தது. அதில் இரண்டு முஸ்லிம் பெயர்கள், பல சைவப் பெயர்கள். ஒரு இடத்தில் நீல மையில் ‘பிரான்சிஸ் ஜோசப் சுவாமி’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்த அம்மாவின் கையெழுத்து எனக்குத் தெரியும். ஒன்பதாம் பக்கத்தில், மகனின் பெயருக்கு நேரே, அவன் பிறந்த திகதியையும் எழுதி வைத்திருந்தார்.